கப்பலில் போன சரக்கு நனைந்தால் காசு யார் தருவார்?

தாராவி 90 அடி சாலையில் தோல் பை தைத்து ஏற்றுமதி செய்யும் அண்ணாச்சி ஒருவர், சில வருடங்களுக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை என் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். கைபேசியை நீட்டினார். ஜெர்மனியின் ஹாம்பர்கில் பைகளை வாங்கியவர் அனுப்பிய படங்கள். பழுப்புத் தோல் பைகளின் மேல் வெள்ளையாகப் பூஞ்சை. தொட்டால் பிய்ந்துவிடும் போல ஊறிப்போன அட்டைப்பெட்டிகள். நாற்பது பெட்டியில் பதினொன்று போச்சு.

“கப்பல்காரன்தானே நனைச்சான், அவன்கிட்ட வாங்கித் தா தம்பி” என்றார். “இல்லாட்டி இன்சூரன்ஸ் இருக்குல்ல?”

நான் மும்பை பல்லார்ட் எஸ்டேட்டில் ஒரு ஃபார்வர்டர் அலுவலகத்தில் இருபது வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். ஃபார்வர்டர் என்றால், ஏற்றுமதியாளருக்கும் கப்பல் கம்பெனிக்கும் நடுவில் நின்று, கப்பலில் இடம் பிடித்து, காகிதம் தயார் செய்து சரக்கை அனுப்பிவைக்கிறவர். அண்ணாச்சி சொன்ன அந்த இரண்டு வாக்கியங்களையும் வேறு வேறு வாய்களிலிருந்து மாதம் ஒரு முறையாவது கேட்கிறேன். இரண்டிலும் பாதிதான் உண்மை.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், மூன்று தனித்தனிக் கேள்விகளை ஒன்றாகப் போட்டுப் பிசைவதில். நஷ்டம் யாருடையது? சரக்கைச் சுமந்தவர் அதில் எவ்வளவு தர வேண்டும்? மிச்சத்தை இன்சூரன்ஸ் தருமா? மூன்றுக்கும் மூன்று வேறு காகிதங்களில் பதில் இருக்கிறது.

தாதர் பார்சல் ஆபீஸ்

ஊருக்குப் போகிற ரயிலில் பத்துக் கிலோ பெட்டி ஒன்றை பார்சல் போடுகிறீர்கள். உள்ளே கல்யாணத்துக்கு எடுத்த பட்டுப் புடவைகள், நாற்பதாயிரம் ரூபாய்ச் சரக்கு. “மதிப்பு எழுதணுமா? எழுதினா கூடுதல் கட்டணம் உண்டு” என்கிறார் குமாஸ்தா. வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு ரசீதை வாங்கிக்கொள்கிறீர்கள்.

பெட்டி காணாமல் போகிறது. ரயில்வே நாற்பதாயிரம் தராது. மதிப்பு அறிவிக்காத பார்சலுக்கு அதன் பொறுப்பு கிலோவுக்கு 50 ரூபாய் வரைதான். பத்துக் கிலோவுக்கு ஐந்நூறு.

அநியாயமாகத் தெரியும். ஆனால் ரயில்வே பக்கம் நின்று பாருங்கள். பழைய பாத்திரப் பெட்டிக்கும் பட்டுப் பெட்டிக்கும் ஒரே கட்டணம்தான் வாங்குகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாது. அதனால் பொறுப்புக்கு ஓர் உச்சவரம்பு வைத்துக்கொள்கிறது. உலகம் முழுக்கக் கப்பலும் விமானமும் இதே கணக்கில்தான் ஓடுகின்றன. சுமக்கிறவர் பொறுப்பேற்பது எடைக்கும் எண்ணிக்கைக்கும். மதிப்புக்குப் பொறுப்பேற்பது இன்சூரன்ஸ்.

நஷ்டம் யார் தலையில்?

விற்றவரும் வாங்கியவரும் போட்டுக்கொண்ட ஒப்பந்தத்தில் எஃப்ஓபி, சிஐஎஃப் என்று மூன்றெழுத்து ஒன்று இருக்கும். இவற்றுக்கு இன்கோடெர்ம்ஸ் என்று பெயர். பாரிசில் உள்ள சர்வதேச வர்த்தகச் சபை 1936 முதல் வெளியிட்டுவரும் விதித் தொகுப்பு இது. இப்போது நடப்பில் இருப்பது 2020 பதிப்பு, அதில் மொத்தம் 11 விதிகள். இந்த மூன்றெழுத்து வெறும் விலைக் குறிப்பு என்றுதான் பலர் நினைக்கிறார்கள். சரக்குக்கு வரும் ஆபத்து எந்த இடத்தில் விற்றவர் தலையிலிருந்து வாங்கியவர் தலைக்கு மாறுகிறது என்பதையும் அதே மூன்றெழுத்துதான் சொல்கிறது.

எஃப்ஓபி என்றால், சரக்கு கப்பலில் ஏறும்வரை விற்றவர் பாடு, ஏறிய பிறகு வாங்கியவர் பாடு. இது ஓரளவு எல்லோருக்கும் தெரியும். தடுக்கி விழுவது சிஐஎஃப்பில். அதில் ஹாம்பர்க் வரை கப்பல் கட்டணத்தையும் இன்சூரன்சையும் விற்றவரே கட்டுகிறார். கட்டுகிறவர் அவர் என்பதால் ஹாம்பர்க் வரை சரக்கும் அவர் பொறுப்பு என்று தோன்றும். அப்படி இல்லை. சிஐஎஃப்பிலும் இங்கே நவா சேவா துறைமுகத்தில் கப்பல் ஏறிய நொடியிலேயே ஆபத்து வாங்கியவருக்குப் போய்விடுகிறது. செலவு ஓரிடம் வரை, ஆபத்து வேறோர் இடம் வரை. மகனுக்கு டிக்கெட் எடுத்து ரயிலேற்றி விட்டால், வழியில் அவன் பர்சைத் தொலைத்ததற்கு நீங்களா பொறுப்பு?

அண்ணாச்சியின் வியாபாரம் சிஐஎஃப். அதாவது சட்டப்படி அந்தப் பதினொரு பெட்டி நஷ்டம் ஜெர்மன்காரருடையது. இதைச் சொன்னதும் அண்ணாச்சி முகம் மலர்ந்தது. “அப்ப எனக்குக் கவலை இல்லியா?” சட்டத்துக்கு இல்லை. ஆனால் அடுத்த ஆர்டரின் பணம் ஜெர்மன்காரர் கையில்தானே இருக்கிறது? பிடித்துக்கொள்வார். பிடித்துக்கொண்டார்.

எஃப்ஓபிக்காரர்களுக்கு வேறொரு பள்ளம் உண்டு. வாங்குகிறவர் இன்சூரன்ஸ் எடுத்துவிட்டார் என்று நிம்மதியாக இருப்பார்கள். தாராவியிலிருந்து லாரியில் கிளம்பி, உரண் பக்கம் ஏதாவது ஒரு குடோனில் மூன்று நாள் கிடந்து கப்பல் ஏறும்வரை அந்தச் சரக்கு யார் தலையில்? விற்றவர் தலையில்தான். வாங்கியவரின் பாலிசி பெரும்பாலும் இவரை எட்டிக்கூடப் பார்க்காது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது மும்பையில் யாருக்கும் மறக்காது. அப்படி ஒரு நாளில் குடோன் தரையில் அடுக்கியிருக்கும் எஃப்ஓபி சரக்கைக் கற்பனை செய்து பாருங்கள். கப்பல் ஏறும்வரையிலான அந்தத் துண்டுக்கு ஏற்றுமதியாளரே தனியாக ஒரு பாலிசி எடுத்துக்கொள்ளலாம். எடுப்பவர்கள் குறைவு.

முதல் கேள்விக்கான பதில் விற்பனை ஒப்பந்தத்தில் இருக்கிறது, கப்பல் கம்பெனியிடம் இல்லை. இதைப் பிடித்துக்கொண்டு அடுத்ததற்குப் போகலாம்.

கப்பல் கம்பெனி எவ்வளவு தரும்?

சரக்கை ஏற்றிக்கொண்டதும் கப்பல் கம்பெனி தரும் காகிதம் பில் ஆஃப் லேடிங். சரக்கு கம்பெனி கைக்கு வந்தது என்பதற்கு ரசீது, கொண்டுபோகிறோம் என்பதற்கு ஒப்பந்தச் சான்று, அந்தப் பக்கம் சரக்கை எடுக்க உரிமைச்சீட்டு. மூன்றும் ஒரே தாளில். இனி இதை பில் என்றே சொல்கிறேன்.

இந்தியத் துறைமுகத்திலிருந்து போகும் சரக்குக்கு, அந்தத் தாளின் பின்னால் நிற்பது ஹேக்–விஸ்பி என்னும் சர்வதேச விதிகள். 1924-ல் பிறந்தவை, 1968-லும் 1979-லும் திருத்தப்பட்டவை. இந்தியாவில் இதற்கான 1925-ஆம் ஆண்டுச் சட்டம் நூறு வருடம் ஓடி, 2025-ல் புதிய சட்டத்துக்கு இடம் விட்டிருக்கிறது. விதிகளின் உடல் ஏறக்குறைய அதேதான்.

விதிகள் சொல்வது இதுதான். கடலுக்குத் தகுதியான கப்பலைத் தரக் கம்பெனி உரிய அக்கறை எடுத்திருக்க வேண்டும், சரக்கைப் பத்திரமாகக் கையாள வேண்டும். தவறினால் பொறுப்பு. ஆனால் தப்பிக்கவும் ஒரு நீண்ட பட்டியல் இருக்கிறது. கடலின் சீற்றம், போர், சரக்கின் சொந்தக் குறை, போதாத பேக்கிங். கம்பெனியின் சொந்தத் தவறில்லாமல் தீப்பிடித்தாலும் பொறுப்பில்லை. இதில் புதியவர்களை வாயைப் பிளக்க வைப்பது ஒன்று உண்டு: கேப்டன் கப்பலைத் தப்பாக ஓட்டி மோதவைத்தாலும் கம்பெனி சரக்குக்கு நஷ்டஈடு தர வேண்டியதில்லை. நானும் முதலில் நம்பவில்லை, விதியை எடுத்துக் காட்டிய பிறகுதான் நம்பினேன்.

மோதலெல்லாம் எங்கோ நடக்கிறது என்று நினைக்க வேண்டாம். 2010 ஆகஸ்ட் 7 அன்று மும்பைத் துறைமுக வாசலிலேயே எம்எஸ்சி சித்ரா என்ற கப்பலும் கலீஜியா–3 என்ற கப்பலும் மோதிக்கொண்டன. சாய்ந்த சித்ராவிலிருந்து கன்டெய்னர்கள் சரிந்து கடலில் மிதந்தன. துறைமுகங்களுக்குப் போகும் வழியே சில நாள் அடைபட்டது.

சரி, தப்பிக்க வழியில்லாமல் கம்பெனி பொறுப்பில் மாட்டிக்கொண்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் உச்சவரம்பு உண்டு. உருப்படி ஒன்றுக்கு 666.67 எஸ்டிஆர், அல்லது கிலோவுக்கு 2 எஸ்டிஆர், இரண்டில் எது அதிகமோ அது. எஸ்டிஆர் என்பது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு நாணயம். டாலர், யூரோ, யுவான், யென், பவுண்ட் ஐந்தையும் கலந்து மதிப்பிடுவது. கணக்குக்காக ஒரு எஸ்டிஆர் 120 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், உருப்படிக்குச் சுமார் 80,000 ரூபாய்.

இங்கேதான் என் பாவமும் இருக்கிறது. உருப்படி என்றால் எது? பில்லில் எது எண்ணிக்கையாக எழுதப்பட்டிருக்கிறதோ அது. அண்ணாச்சியின் நாற்பது பெட்டிகளை இரண்டு பேலட்டில், அதாவது மரச்சட்டப் பலகையில், அடுக்கிச் சுற்றி அனுப்பினோம். பில்லுக்கு விவரம் எழுதிக்கொடுத்தது நான். ‘2 பேலட்’ என்று எழுதினேன். கண்ணுக்கு இரண்டுதானே தெரிந்தது.

கெட்டுப்போன பதினொரு பெட்டியும் ஒரே பேலட்டில் இருந்தவை. பெட்டிக்கு முப்பதாயிரம் வீதம் நஷ்டம் 3,30,000 ரூபாய். பில்லின்படி அடிபட்டது ஒரே ஓர் உருப்படி, அதற்கு வரம்பு 80,000. எடைக் கணக்கில் போனால் பெட்டிக்கு 18 கிலோ, மொத்தம் 198 கிலோ, 396 எஸ்டிஆர். அது இன்னும் குறைவு. ஆக 80,000 ரூபாய்தான் உச்சம். அதே இடத்தில் ‘2 பேலட், உள்ளே 40 அட்டைப்பெட்டி’ என்று எழுதியிருந்தால்? அடிபட்டது பதினொரு உருப்படி, வரம்பு எட்டு லட்சத்து எண்பதாயிரம். முழு நஷ்டமும் அதற்குள் அடங்கியிருக்கும். மூன்று வார்த்தை எழுதச் சோம்பல்பட்டதன் விலை இரண்டரை லட்சம். அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆக, கம்பெனியிடம் கேட்பதில் இரண்டு படி. அது பொறுப்பா என்பது முதல் படி. பொறுப்பென்றால் எவ்வளவு என்பது அடுத்த படி. அந்த எவ்வளவு, சரக்கு கிளம்பும் முன்பே பில்லில் எழுதியாகிவிட்டது.

இன்சூரன்ஸ்: ஏ, பி, சி

கடல் சரக்கு இன்சூரன்சில் உலகம் முழுக்கப் பொதுவாகப் புழங்கும் மூன்று வகை உண்டு. ஏ வகை, பாலிசியில் விலக்கப்பட்டவை தவிர எல்லா ஆபத்துகளையும் ஏற்கும். சி வகை ஒல்லி. கப்பல் மூழ்குவது, தரை தட்டுவது, தீ, மோதல் போன்ற பெரிய விபத்துகள் மட்டும். பி இரண்டுக்கும் நடுவில். கடல்நீர் கன்டெய்னருக்குள் புகுந்தால் பி ஏற்கும், சி ஏற்காது. திருட்டுக்கு இரண்டுமே கை விரிக்கும்.

இன்கோடெர்ம்ஸ் விதிப்படி, ஒப்பந்தத்தில் வேறு பேச்சில்லாவிட்டால் சிஐஎஃப் விற்பனையாளர் சி வகை எடுத்தாலே கடமை முடிந்தது. மதிப்பில் 110 சதவீதத்துக்கு எடுக்க வேண்டும், அவ்வளவுதான். அண்ணாச்சி எடுத்திருந்தது சி. ஏ வகைக்கும் அதற்கும் அந்தச் சரக்குக்குப் பிரீமிய வித்தியாசம் சில நூறு ரூபாய். “இன்சூரன்ஸ் இருக்குல்ல” என்று அவர் சொன்னபோது உண்மையில் இருந்தது. தண்ணீர் புகுந்ததற்குத்தான் இல்லை.

ஏ வகை எடுத்தாலும் எல்லாம் வரும் என்று நினைத்துவிட வேண்டாம். போதாத பேக்கிங், சரக்கின் இயல்பிலேயே உள்ள கெடுதல், தாமதத்தால் வரும் நஷ்டம் எதற்கும் வராது. போருக்கும் வேலைநிறுத்தத்துக்கும் தனி இணைப்பு வாங்க வேண்டும். வெங்காயம் தானே அழுகினால் அது வெங்காயத்தின் குணம், விபத்தில்லை.

இன்னொன்று. கூரியரில் அனுப்பும்போது சுங்கத்துக்காக ஒரு மதிப்பு எழுதுகிறோமே, அதை இன்சூரன்ஸ் என்று நினைக்கிறவர்கள் ஏராளம். அது வரி போடுவதற்கான எண். அவ்வளவே.

ஒன்றும் கெடாமலே பணம் கட்டுவது

உங்கள் சாலில், அதாவது வரிசை வீட்டுக் குடியிருப்பில், ஒரு வீட்டில் தீ. பரவாமல் இருக்கத் தீயணைப்புக்காரர்கள் பக்கத்து வீட்டுச் சுவரை இடிக்கிறார்கள். மற்ற வீடுகள் தப்பிக்கின்றன. இடிந்த சுவருக்கு யார் கொடுப்பது? தப்பித்த எல்லோரும் பங்கு போட்டு என்பதுதான் கடல் பதில். இதற்கு ஜெனரல் ஆவரேஜ் என்று பெயர். ஆவரேஜ் என்றதும் சராசரி என்று நினைத்துவிடாதீர்கள், கடல் வழக்கில் அதற்கு இழப்பு என்று பொருள். எல்லோரையும் காப்பாற்ற வேண்டுமென்றே செய்த தியாகத்தையும் செலவையும், கப்பல், சரக்கு எல்லாம் தத்தம் மதிப்புக்கேற்பப் பகிர்ந்துகொள்ளும் முறை.

2021 மார்ச் 23 அன்று எவர் கிவன் சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கி ஆறு நாள் கிடந்ததே, அதன் உரிமையாளர் இதைத்தான் அறிவித்தார். கப்பலில் 18,000-க்கும் மேற்பட்ட கன்டெய்னர்கள். சரக்குக்காரர்கள் தம் பங்குக்கு உத்தரவாதம் கொடுத்த பிறகே சரக்கை எடுக்க முடியும். இன்சூரன்ஸ் இருந்தால் அந்த உத்தரவாதத்தை இன்சூரன்ஸ் கம்பெனி கொடுத்துவிடும். சி வகைகூட இதற்கு உதவும். இல்லாதவர் கைக்காசை முன்பணமாகக் கட்ட வேண்டும், ஒரு நூல்கூடப் பிரியாத தன் சரக்கை வாங்குவதற்கு.

கதவு திறக்கும் நேரம்

எந்தப் பக்கம் சரக்கை வாங்கினாலும், அந்த முதல் சில நிமிடங்கள்தான் பின்னால் வரும் கடிதங்களையெல்லாம் தீர்மானிக்கின்றன. கன்டெய்னர் சீல் எண்ணை பில்லோடு ஒப்பிட்டு, உடைக்கும் முன் படம் எடுக்க வேண்டும். திறந்ததும், இறக்கும் முன் ஒரு படம். காலியானதும் ஆள் ஒருவர் உள்ளே நின்று கதவை முழுக்கச் சாத்தச் சொல்ல வேண்டும். இருட்டுக்குள் எங்காவது ஊசிமுனையளவு வெளிச்சம் தெரிந்தால் அங்கே ஓட்டை. லைட் டெஸ்ட் என்பார்கள், காசு செலவில்லாத சோதனை.

சேதம் தெரிந்தால் டெலிவரிக் காகிதத்திலேயே எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். வெளியே தெரியாத சேதம் என்றால் கடல் சரக்குக்கு மூன்று நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தவறினால் உரிமை செத்துவிடாது. ஆனால் சரக்கு நல்லபடி வந்தது என்றே முதலில் எடுத்துக்கொள்வார்கள், இல்லையென்று நிரூபிக்கும் சுமை உங்கள் மேல் விழும். வழக்கு என்று போனால் டெலிவரியான நாளிலிருந்து ஒரு வருடம். காணாமல் போனதென்றால் வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து.

ஹாம்பர்கில் குடோன்காரர் ஒன்றும் எழுதாமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். பெட்டியைப் பிரித்தது ஐந்தாம் நாள். எங்களைக் காப்பாற்றியது சர்வேயர். அதாவது சேதத்தை நேரில் பார்த்து, காரணமும் அளவும் எழுதித் தரும் நடுநிலை ஆள். அவர் ஈர அட்டையின் மேல் சில்வர் நைட்ரேட் கரைசலைச் சொட்டுவிட்டார். பால் ஊற்றியது போல வெள்ளையாகத் திரண்டது. அப்படித் திரண்டால் ஈரத்தில் உப்பு இருக்கிறது, பெரும்பாலும் கடல்நீர். தெளிவாகவே நின்றிருந்தால் மழையாக இருக்கலாம், அல்லது உள்ளேயே வியர்த்து கூரையிலிருந்து சொட்டும் கன்டெய்னர் மழையாக இருக்கலாம். ஜெர்மனியின் குடோனில் கடல்நீர் ஏது? நனைந்தது பயணத்தில்தான் என்று அந்த ஒரு சொட்டு சொல்லிவிட்டது. கன்டெய்னர் கூரையில் துருப்பிடித்த ஓட்டையும் அகப்பட்டது.

சர்வேயர் வரும்வரை நனைந்ததை எறியக் கூடாது. அதே சமயம், நனைந்ததோடு காய்ந்ததையும் ஊறவிட்டுச் சும்மா இருக்கவும் கூடாது. இன்சூரன்சே இல்லாதவர் எப்படிப் பதறிப் பிரித்து வைப்பாரோ அப்படிச் செய்ய வேண்டும் என்பதுதான் எதிர்பார்ப்பு. கப்பல் கம்பெனிக்கு உரிமைக் கடிதம் உடனே போக வேண்டும், இன்சூரன்ஸ் இருந்தாலும். காரணம், இன்சூரன்ஸ் உங்களுக்குப் பணம் கொடுத்த பிறகு உங்கள் இடத்தில் நின்று கப்பல் கம்பெனியிடம் வசூலிக்கப் பார்க்கும். அந்த வழியை நீங்கள் கெடுத்து வைத்திருந்தால் உங்கள் பணத்தில் கை வைக்கும்.

விமானச் சரக்கு

இது தனி விதி, 1999 மான்ட்ரியல் ஒப்பந்தம். உருப்படிக் கணக்கே இல்லை, எடை மட்டும்தான். வரம்பு கிலோவுக்கு 22 எஸ்டிஆராக இருந்து, 2024 டிசம்பர் 28 முதல் 26 ஆகியிருக்கிறது. சேதத்தைச் சொல்ல 14 நாள், வழக்குக்கு இரண்டு வருடம். இங்கே 14 நாள் கெடு கறார். எழுத்தில் புகார் போகாவிட்டால் வழக்கே கிடையாது. கடலின் தாராளத்தை வானில் எதிர்பார்க்கக் கூடாது.

அந்தப் பதினொரு பெட்டி

ஏழு மாதக் கடிதப் போக்குவரத்துக்குப் பிறகு கப்பல் தரப்பு வரம்புத் தொகையைக் கொடுத்தது. மிச்சத்தில் பாதியை ஜெர்மன்காரர் தாங்கிக்கொண்டார். பாதியை அண்ணாச்சி அடுத்த ஆர்டரின் விலையில் தள்ளுபடியாகக் கொடுத்தார். சட்டப்படி கொடுக்க வேண்டியதில்லை என்று நான் சொல்லிப் பார்த்தேன். “ஆர்டர் வேணுமே” என்றார். என் கட்டணத்தை நான் வாங்கவில்லை, அவரும் கேட்கவில்லை. பேலட் விஷயத்தை அவரிடம் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

போன மாதம் எங்கள் அலுவலகத்துப் புதுப் பையன் அவருக்கு ஒரு பில் டிராஃப்ட் அனுப்பியிருந்தான். பத்து நிமிடத்தில் என் கைபேசி அடித்தது. பின்னால் தையல் மெஷின் சத்தம்.

“தம்பி, மூணு பேலட்னு போட்டிருக்கு. உள்ள அறுபது பெட்டின்னு எங்க?”